மாலை மாற்றலுக்குப் பதிமூணு வாரம்

"தூக்கறச்சே மூச்சை..." அதுக்கப்புறம் தேசிகன் மாமா, என் அக்கா கல்யாணத்துல அவளைத் தூக்கி மாலை மாத்த வெச்ச எங்க தாய்மாமா, என்ன சொன்னார்? பிடிச்சுக்கோ என்றாரா, விட்டுடு என்றாரா? இருபத்தேழு வருஷமா அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்கு ஞாபகம் வரமாட்டேங்கறது சார். சொன்னார், கேட்டேன், தலையை ஆட்டினேன், மறந்துட்டேன்.

உக்காருங்கோ. அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இங்கே வாங்கோ. தப்பான இடத்துக்கு வந்துட்டோமோன்னுதானே முழிக்கறேள்? போர்டுல குழந்தையை இடுப்புல வெச்சுண்டு ஒரு அம்மா சிரிக்கறா, சுவரெல்லாம் கர்ப்பிணிப் படம், சுத்தி உக்காந்திருக்கறது பூரா லேடீஸ். சரியான இடம்தான் சார். கையில யூராலஜி டாக்டர் சீட்டை நாலா மடிச்சு வெச்சுண்டிருக்கேளே, அதைப் பாத்தாலே தெரியறதே. நானும் முதல் நாள் அப்படித்தான் மடிச்சேன். எட்டா மடிச்சேன்.

ரிசப்ஷன்ல இருக்கற அந்தப் பொண்ணு ஜெசிந்தா. "யாருக்கு சார்?"னா. "மனைவிக்கு"ன்னேன். "மேடம் எங்க?"ன்னா. "வந்துண்டே இருக்கா"ன்னேன். முக்கால் மணி நேரம் சார், வராத பொண்டாட்டிக்காக இதே நாற்காலியில காத்துண்டிருந்தேன். கடைசியில அவளே பக்கத்துல வந்து மெதுவா, "சார், சீட்டுல ஸ்ரீவத்ஸன், ஆண், நாப்பத்தொன்பதுன்னு இருக்கு. நீங்க இப்பப் போறீங்களா, மேடம் வந்ததும் போறீங்களா?"ன்னா.

எதிர்ல ஒரு அம்மா, காக்கி பேன்ட், மேலே சாதாச் சட்டை. சப்-இன்ஸ்பெக்டர் செல்லப்பாக்கியம். அப்பப் பேர் தெரியாது. இதைக் கேட்டுட்டு ஓன்னு சிரிச்சா. சிரிச்சவ சட்டுனு காலைப் பின்னிண்டு, "யோவ் சார், இங்க வந்து சிரிக்க வைக்காதீங்க. எனக்கும் அதே கேஸ்தான்"ன்னா. 

எனக்கு அப்பவே வெட்கமெல்லாம் போயிடுத்து. நான் வெட்கப்படற ஜாதியே இல்லை சார். மஸ்கட்ல பத்தொன்பது வருஷம் கட்டடங்களுக்குக் குழாய் போட்டுக் கொடுக்கற இன்ஜினீயர். பதினாலு மாடிக்குத் தண்ணி ஏத்தி இறக்கியிருக்கேன். எங்கேயாவது ஒரு மூட்டு கசிஞ்சா கான்ட்ராக்டரை வெயில்ல நிக்க வெச்சுக் கேள்வி கேப்பேன். இப்போ எனக்கே வாஷர் போயிடுத்து. இதுல என்ன வெட்கம்? வெளியில யார்கிட்டேயும் சொல்லலை, அவ்வளவுதான். அது வேற.

ஊருக்குத் திரும்பி ரெண்டு வருஷம் ஆச்சு. ஸ்ரீரங்கத்துல வீடு. ஒரு செக்கப்புக்குப் போனதுல, புராஸ்டேட்ல வேண்டாத ஒண்ணு முளைச்சிருக்குன்னு கண்டுபிடிச்சா. போன ஆவணியில புராஸ்டேட்டையே அதோட சேர்த்து எடுத்தா. சுத்தமாயிடுத்து, அதை விடுங்கோ. ட்யூபை உருவினப்புறம்தான் கதையே. இருமினா ஒரு சொட்டு. தும்மினா நாலு. எங்களவாள்ல பெரியவாளைக் கண்டா விழுந்து விழுந்து நாலு தரம் சேவிக்கணும். நாலு சேவைக்கு நாலு தவணை. கிழவர்களைக் கண்டாலே சந்துல புகுந்து ஓட ஆரம்பிச்சேன். சிரிச்சாத்தான் ரொம்ப மோசம்.

"எல்லாம் சரியாயிடுத்தா?"ன்னு சுகந்தி கேட்டா. என் ஆத்துக்காரி. இப்பக் கீழே பேக்கரியில இருக்கா, தேங்காய் பன் வாங்கிண்டு வருவா. "எல்லாம் டைட்"டுன்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியில பதினோரு நாள் ஸ்டூல்ல உக்காந்தே தூங்கினவ. இதையும் சொல்லி எதுக்குக் கஷ்டப்படுத்தணும்? அவளுக்கு ஒண்ணுமே தெரியாது சார். அதுல நான் கெட்டி.

பேடு வாங்கறதுக்கு ஆத்தைத் தாண்டி உறையூர் போனேன். தெரிஞ்சவா கண்ணுல படக்கூடாதோல்லியோ. வாங்கிண்டு வந்து மஸ்கட் பெட்டிக்குள்ளே, பழைய கோட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். நல்ல கம்பெனி சார். பாக்கெட்டுல பத்துன்னு போட்டிருக்கு, எனக்கு மாசக்கணக்கா வந்துது. எடுக்க எடுக்க இருந்துண்டே இருக்கு. இந்தக் காலத்துல போட்டதுக்கு மேலே கொடுக்கற கம்பெனி எங்கே இருக்கு? உங்களுக்குப் பேர் எழுதித் தரேன்.

அப்புறம்தான் பூமாவோட ஃபோன். என் அக்கா. ஐப்பசி மாசம்.

"வத்ஸு, மிருதுளாவுக்குத் தேதி வெச்சாச்சு. தை இருபத்தொண்ணு. மாமான்னு நீ ஒருத்தன்தான். இப்பவே சொல்லிட்டேன், நீதான் தூக்கணும்."

உங்க பக்கம் இந்த வழக்கம் உண்டோ என்னவோ. தாலி கட்டறதுக்கு முன்னாடி மாலை மாத்தறச்சே, பொண்ணை அவளோட தாய்மாமன் தூக்கிக்கணும், மாப்பிள்ளையை அவனோட மாமன் தூக்கிக்கணும். மூணு தரம் மாலை மாத்திக்கணும். சும்மா மாத்த விடமாட்டா. பொண்ணு மாலையை நீட்டினா, அந்தப் பக்கத்துக்காரா மாப்பிள்ளையைத் தூக்கிண்டு பின்னாடி ஓடுவா. நாமளும் துரத்தணும், எம்பணும், குதிக்கணும். தோள்மேலே ஒரு முழுப் பொண்ணு. எதிர்ல ஐந்நூறு பேர், வீடியோ, மேலே பறக்கற கேமரா வேற. இடுப்புல வெள்ளை வேஷ்டி.

யோசிச்சுப் பாருங்கோ.

"பூமா, எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆகியிருக்கே"ன்னேன். அவகிட்டே ஹெர்னியான்னுதான் சொல்லி வெச்சிருந்தேன்.

"அது ஆவணியில ஆச்சு. தையில தாராளமாத் தூக்கலாமாம். எங்க தெரு டாக்டரைக் கேட்டுட்டேன்."

"எவ்வளவு இருப்பா?"

"எது?"

"வெயிட்."

"கல்யாணப் பொண்ணோட வெயிட்டைக் கேக்கற முதல் மாமா நீதான்டா. அறுபத்திமூணு. கல்யாணத்துக்குள்ளே அறுபது ஆயிடுவேங்கறா."

ஆகலை சார். அறுபத்தஞ்சு ஆச்சு.

"பூமா, நம்ம அத்தை ஆத்து அத்தான் பிள்ளைகள்லாம் தடிதடியா இருக்காளே, அவா யாராவது..."

பூமா முடிக்க விடலை: "அவ அப்பா இருந்தா உன்கிட்டே இப்படிக் கெஞ்சமாட்டேன் வத்ஸு. தாரை வார்க்கறதுக்கு மைத்துனர் கையைத்தான் பிடிக்கணும். மாமாவும் ஒதுங்கிண்டா, மேடையில அவளுக்குன்னு யார்டா இருக்கா?"

அத்திம்பேர் போய் ஆறு வருஷம் ஆச்சு. நான் மஸ்கட்ல இருந்தேன், காரியத்துக்கு மூணாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். அதை அவ சொல்லிக்காட்டலை. சொல்லிக்காட்டியிருந்தாத் தேவலை. "தூக்கறேன்"னு சொல்லிட்டு ஃபோனை வெச்சேன். வெச்சப்போ ஒரு தும்மல் வந்துது. அதோட பலனையும் அனுபவிச்சேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இங்கே. சுகந்திகிட்டே இடுப்பு வலிக்குப் பயிற்சின்னு சொன்னேன். பாதிப் பொய்தான். இடுப்பு நிஜம்.

உள்ளே என்ன நடக்கும்னுதானே கேக்க வரேள், கேக்க முடியாம அந்தச் சீட்டைப் போட்டுக் கசக்கறேள்? சொல்றேன். ஃபிசியோ பேர் நிலோஃபர். முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும். "ஜென்ட்ஸ் யாரும் இல்லையா?"ன்னேன். "இருக்கார் சார், கரூர்ல. நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்"னா. சரி, வாத்தியார்கிட்டேயே கத்துக்கலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல முழுக்கக் கேள்விதான். எப்பக் கசியறது, எவ்வளவு, எத்தனை பேடு, மலச்சிக்கல் உண்டா, எத்தனை தடவை பாத்ரூம் போறது. போலீஸ் ஸ்டேஷன்ல கூட இத்தனை கேக்கமாட்டா. செல்லப்பாக்கியமே ஒத்துண்டா. திடீர்னு, "தாம்பத்யம் எப்படி இருக்கு சார்?"னா. நான் தலையைத் தூக்கி ஃபேனைப் பாத்தேன். "ஃபேன் நல்லாத்தான் சுத்துது. நீங்க சொல்லுங்க"ன்னா. சொன்னேன். அவ பாட்டுக்கு எழுதிண்டா, மழை அளவு எழுதற மாதிரி. 

அப்புறம் பிளாஸ்டிக்ல ஒரு இடுப்பெலும்பை எடுத்து மேஜைமேலே வெச்சா. அடியில தூளி கட்டின மாதிரி சிவப்பா ஒரு ரப்பர். "இதுதான் இடுப்பாழத் தசை. மேல இருக்கற பை எல்லாத்தையும் தாங்கிட்டு இருக்கறது இதுதான். பொம்பளைங்களுக்கு மட்டும்தான் உண்டுன்னு நினைச்சீங்களா?"

"ஆமாம்மா."

"எல்லா ஜென்ட்ஸும் அதான் சொல்றாங்க."

அடுத்தது பரிசோதனை. எச்சில் முழுங்காதீங்கோ, சொல்றேன். அவ முதல்லயே எல்லாத்தையும் விவரமாச் சொல்லிடுவா. வெளியிலேர்ந்தே பாக்கலாம், அடிவயித்துல ஸ்கேன் கருவி வெச்சும் பாக்கலாம், இல்லேன்னா கையுறை போட்டுண்டு பின்வழியா ஒரு விரல். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். துணைக்கு ஆளைக் கூப்பிட்டுக்கலாம். நடுவுல வேண்டாம்னா வேண்டாம், அந்த நிமிஷமே நிறுத்திடுவா. விரல்ல பாத்தாத்தான் தசையோட பலம் நன்னாத் தெரியும்னா. நான் தை இருபத்தொண்ணை நினைச்சுண்டு, "சரி"ன்னேன்.

போர்வையைப் போத்திச் சுவரைப் பாக்கப் படுக்கச் சொன்னா. நான் மனசுக்குள்ளே பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிச்சேன். பதினாறேழு வரைக்கும்தான் போயிருப்பேன், முடிஞ்சுடுத்து. வலிக்கலை சார். வலிச்சா உடனே சொல்லணும். மானம் போறதுக்கு மட்டும்தான் மரத்துப்போற ஊசி கிடையாது.

அந்த வாய்ப்பாட்டுக்கு நடுவுல, "இப்ப இறுக்குங்க"ன்னா. நான் இறுக்கினேன் பாருங்கோ! உள்ளங்கால்லேர்ந்து உச்சந்தலை வரைக்கும். மூச்சைப் பிடிச்சு, பல்லைக் கடிச்சு.

"சார், நீங்க மூஞ்சியை இறுக்கறீங்க."

"அப்படியா?"

"தோளை விடுங்க. பல்லை விடுங்க. இப்பத் தொடையை இறுக்கறீங்க. ஐயோ, கீழ தள்றீங்க சார், மேல இழுக்கணும். கூட்டமான லிஃப்ட்ல காத்து பிரியப் பாக்குது, என்ன செய்வீங்க?"

"படியில போயிடுவேன்."

"லிஃப்ட்லதான் இருக்கீங்க. அடக்குவீங்கல்ல? அதான். முன்பக்கம், மார்கழிக் குளிர்ல காவேரியில இறங்கினா தன்னால உள்ள இழுத்துக்குமே, அது மாதிரி."

காவேரின்னதும் வந்துடுத்து சார். அந்தந்த ஊர்க்காரனுக்கு அந்தந்த ஆறு.

"இப்ப விடுங்க"ன்னா. விட்டேன். "விடலை சார்"னா. "விட்டுட்டேன்மா." "இல்லை. நீங்க நாள் முழுக்கப் பாதி இறுக்கியே வெச்சிருக்கீங்க. எங்க கசிஞ்சுடுமோ, யாருக்குத் தெரிஞ்சுடுமோன்னு. அந்தத் தசை காலையிலேயே களைச்சுப் போயிடுது. அவசரத்துக்கு அது எப்படிப் பிடிக்கும்?"

இந்த வயசுல எனக்கு விடத் தெரியலையாம். முழுசா விடறதுக்கு மட்டும் ரெண்டு வாரம் ஆச்சு.

வீட்டுக்கு ஒரு தாள் கொடுப்பா. தமிழ்ல, படம் போட்டு. ஒரு நாளைக்கு மூணு வேளை, வேளைக்குப் பத்துத் தடவை. ஒவ்வொண்ணையும் அஞ்சு எண்ணற வரைக்கும், போகப்போகப் பத்து. வாய்விட்டு எண்ணணும், அப்பத்தான் மூச்சு நிக்காது. இருமல், தும்மல், கனம் தூக்கறது, எதுவானாலும் முன்கூட்டியே மேலே இழுத்துண்டு, மூச்சை விட்டுண்டே செய்யணும். அந்தத் தாளை நான் பழைய பாஸ்போர்ட்டுக்குள்ளே ஒளிச்சு வெச்சேன். பத்து நாள் கழிச்சு எடுத்தா, அழகா பிளாஸ்டிக் உறை போட்டிருக்கு. எப்போ போட்டேன்னே ஞாபகமில்லை. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தா ஞாபகம் குறையுமாம், நீங்களும் பாத்துக்கோங்கோ.

வாய்விட்டு எண்ணறதுக்கு ஆத்துல இடமேது? சன்னதியில, தர்ம தரிசன வரிசையில நின்னுண்டு எண்ணினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." முன்னாடி நின்ன ஒரு ஸ்வாமி திரும்பி, பக்தியோட, "தேவரீருக்கு எத்தனை லட்சம் ஜபம் ஆயிருக்கு?"ன்னார். "இப்பத்தான் ஆரம்பம்"னேன்.

இன்னொண்ணு, மூணு நாளைக்கு டைரி எழுதணும். எவ்வளவு குடிச்சோம், எவ்வளவு வெளியே போச்சு, அளந்து எழுதணும். அளக்கறதுக்கு என்ன பண்றது? தளிகை உள்ளேர்ந்து பித்தளை ஆழாக்கை நைஸா எடுத்துண்டு போயிட்டேன். சிரிக்காதீங்கோ, உங்களுக்கு ஆகாது. பெருமாளுக்குத் தளிகை பண்ற அரிசியை அளக்கற ஆழாக்கு சார். எங்க பாட்டன் காலத்துது. அளந்துட்டு, நன்னாத் தேய்ச்சு அலம்பி, எடுத்த இடத்துலயே வெச்சேன். மறுநாள் பாத்தா ஆழாக்கைக் காணோம். பாத்ரூம்ல கோடு போட்ட புது பிளாஸ்டிக் ஜாடி ஒண்ணு. "என்னடி இது?"ன்னேன். "சோப்புத்தூளுக்கு இலவசமாக் கொடுத்தா"ன்னா. பாருங்கோ சார், வேளை பாத்துப் பெருமாள் அனுப்பினார். மில்லிலிட்டர் எல்லாம் போட்டிருந்துது. ஆழாக்கு மட்டும் இன்னும் அகப்படலை. பழைய பாத்திரத்துக்குப் போட்டிருப்பா.

அப்புறம், கசியறதேன்னு நான் தண்ணி குடிக்கறதையே நிறுத்தியிருந்தேன். நிலோஃபர் பிடிச்சு வாங்கிட்டா. மூத்திரம் கெட்டியானாப் பை இன்னும் எரிச்சல்படுமாம். தண்ணி குடிக்கணும், காபியைத்தான் குறைக்கணும்னா. காபியையா? ஸ்ரீரங்கத்துக்காரன்கிட்டேயா? அதை நான் காதுலயே வாங்கிக்கலை. ஆனாப் பாருங்கோ, அந்த வாரத்துலேர்ந்து எங்காத்துக் காபியே சரியில்லை. தம்ளர் பாதியாப் போச்சு, டிகாக்ஷன் தண்ணியா இருக்கு. கேட்டா, "கடைக்காரன் கலப்படம் பண்றான்"ங்கறா. ஊரே கெட்டுப்போச்சு சார்.

சுகந்தியும்தான் மாறிட்டா. முன்னாடியெல்லாம் எல்லாரையும் மாதிரி பேசிக் காட்டுவா. எங்க மாமியார், வாத்தியார் ஸ்வாமி, கேஸ் சிலிண்டர் போடறவன், ஒருத்தரை விடமாட்டா. சாப்பாடு புரையேறும் எனக்கு. ஆபரேஷனுக்கப்புறம் ஒரு ஜோக் கிடையாது. சாப்பிடறச்சே எதிர்ல உக்காந்துண்டு, மின்சார பில், வெண்டைக்காய் முத்தல்னு பேசிண்டிருப்பா. ஐம்பதை நெருங்கறச்சே பொம்மனாட்டிகளுக்கு நகைச்சுவை போயிடும் போலிருக்குன்னு நினைச்சுண்டேன். கொஞ்சம் வருத்தம்தான். ஆனா எனக்குச் சௌகரியமாவும் இருந்துது, அதனால கேட்டுக்கலை.

எட்டாவது வாரம் தூக்கற பயிற்சி. டாக்டர்கிட்டேயும் அனுமதி வாங்கியாச்சு. முதல்ல அஞ்சு கிலோ அரிசிப் பை, அப்புறம் பத்து, இருபத்தஞ்சு. காலை அகட்டி, முட்டியை மடக்கி, இழு, மூச்சை விடு, எழுந்திரு. செல்லப்பாக்கியம் ஓரமா நின்னு ட்ரில் கமாண்டு மாதிரி கத்துவா. "மூச்ச்ச்சை விடு! எழும்பு!" மூணு குழந்தை பெத்தவ. குடியரசு தின அணிவகுப்புக்குள்ளே சரியாகணும்னு அவளுக்கு ஒரு கெடு. "சல்யூட்டுக்குக் காலைத் தரையில அடிப்பேன் சார். அடிச்சா போச்சு. கலெக்டர் எதிர்ல நான் விறைப்பா நிக்கறேன்னு நினைப்பாரு. ஏன் விறைப்பா நிக்கறேன்னு எனக்குத்தானே தெரியும்"பா.

ஒரு நாள் என்னைப் பிடிச்சுண்டா. "வீட்ல சொல்லிட்டீங்களா சார்?"

"எதுக்கு? கவலைப்படுவா."

"நான் சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, 'அதான் நான் பேய்ப்படம் போட்டா எழுந்து போயிடுறியா'ன்னாரு. அவ்ளோதான். நாலு வருஷமா மறைச்சு வெச்ச பெரிய ரகசியம் சார், அவ்ளோதான் அதோட மதிப்பு."

"உங்க வீடு வேறம்மா. சுகந்திக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

செல்லப்பாக்கியம் என்னை ஒரு பார்வை பாத்தா. லாக்கப்புல இருக்கறவனைப் பாக்கற பார்வை. "ரைட்டு"ன்னா.

தை இருபத்தொண்ணும் வந்துது. கல்யாண மண்டபத்துக்கு நான் வெள்ளை மல் வேஷ்டி எடுத்து வெச்சிருந்தேன். காலையில பாத்தாப் பெட்டியில அது இல்லை. அரக்குக் கலர்ல பட்டு வேஷ்டி ஒண்ணு. "வெள்ளையை மறந்துட்டேன். இதைக் கட்டிக்கோங்கோ"ன்னா சுகந்தி. அரக்கு! நானென்ன கோயில் பட்டரா? சண்டை போட நேரமில்லை, கட்டிண்டுட்டேன். அவளுக்கு ரசனை எப்பவுமே கொஞ்சம் குறைச்சல்.

நாகஸ்வரக்காரர் ஆரம்பிச்சார். மாப்பிள்ளைக்கு ரெண்டு மாமா. ரெண்டு பேரும் ஜிம். மாப்பிள்ளையைத் தலையணை மாதிரி தூக்கிண்டுட்டா. பூமா மேடை ஓரத்துல நின்னுண்டிருந்தா. என்னைப் பாத்தா.

நான் குனிஞ்சேன். முட்டியை மடக்கினேன், இழுத்தேன், விட்டேன், எழுந்தேன். மிருதுளா தோள்மேலே! அறுபத்தஞ்சு கிலோ சார், ஒரு சொட்டு இல்லை. ஒரே வீச்சுல மாலையைப் போட்டுட்டா. மண்டபமே கை தட்டித்து. நான் செல்லப்பாக்கியத்துக்கு மனசுக்குள்ளே ஒரு சல்யூட் அடிச்சேன்.

ரெண்டாவது மாலை. இந்தத் தடவை அந்த ஜிம்காரா மாப்பிள்ளையைத் தூக்கிண்டு பின்னாடி ஓட ஆரம்பிச்சா. நான் துரத்தினேன். மிருதுளா மேலேர்ந்து, "மாமா லெஃப்ட்டு, மாமா ரைட்டு"ன்னு ஆட்டோ ஓட்டற மாதிரி கத்தறா. ஓடினவா ரெண்டு பேரும் வாழைக்கம்பத்துல இடிச்சு, மாப்பிள்ளை மரத்தைக் கட்டிண்டு தொங்கறான். தொங்கிண்டே, "ஹெல்ப்"புங்கறான்! எனக்குச் சிரிப்பு வந்துடுத்து சார். பதிமூணு வாரமா அடக்கி வெச்ச சிரிப்பு. தோள்ல அவ குலுங்கறா, கீழே நான் குலுங்கறேன். 

ஆமாம். கொஞ்சம்.

மாலை விழுந்துடுத்து. அவளை இறக்கிவிட்டேன். வேஷ்டியைக் குனிஞ்சு பாத்தேன், அரக்குல ஒண்ணும் தெரியலை. ஆனா உள்ளே தெரியறதே. தசை களைச்சுப் போச்சு, தோச்சுப் பிழிஞ்ச துணி மாதிரி. மூணாவதுக்குத் தாங்காதுன்னு எனக்குத் தெரிஞ்சுடுத்து. அத்தான் பிள்ளைகள் பக்கத்துலதான் நிக்கறா, கை காட்டினாப் போறும், ஓடி வந்துடுவா. பூமா மூஞ்சியைப் பாத்தேன். மறுபடி வேஷ்டியைப் பாத்தேன்.

அப்பத்தான் சுகந்தியைப் பாத்தேன். மேடைப் படிக்குக் கீழே, எனக்கு ரெண்டடியில நிக்கறா. கையில வாய் வரைக்கும் ரொம்பின பெரிய தீர்த்தச் சொம்பு. மாலை மாத்தலுக்குச் சொம்பு எதுக்கு? ஐந்நூறு பேரும் பொண்ணையும் மாப்பிள்ளையையும் பாக்கறா. அவ மட்டும் என்னைப் பாத்துண்டிருக்கா. என் இடுப்பை. சொம்பைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கா, கால் தடுக்கினா நேரே என்மேலே கொட்டற மாதிரி.

"எதுக்குடி சொம்பு?"ன்னேன்.

"தாகத்துக்கு"ன்னா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இந்தத் தடவையும் முன்னாடியே இழுத்துக்கோங்கோ. மூச்சை விட்டுண்டே தூக்குங்கோ"ன்னா.

வாத்தியார் ஸ்வாமி, "மாமா, மூணாவது மாலை, நாழியாறது"ங்கறார்.

நான் படி இறங்கி, அவ கையிலேர்ந்த சொம்பை வாங்கிக் கீழே வெச்சேன். "எனக்கு அப்பவே கசிஞ்சுடுத்துடி. நீ வா, அந்தப் பக்கம் பிடி"ன்னேன்.

"மாமி தூக்கற வழக்கமில்லையே"ன்னார் வாத்தியார்.

"இன்னிக்கு ரெண்டு பேருமாத்தான் தூக்கறோம்"னேன்.